செல்ஃபியா, நாலு பேர் சேர்ந்து வரைந்த முகமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில், காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்காதவர்கள் குறைவு. நானும் எடுத்தேன், இன்ஸ்டாகிராமில் போட்டேன். ஒரு நொடி வேலை, யார் உதவியும் வேண்டாம்.

ஆனால் அதில் இருப்பது நான்தானா? சுமார் 30 செ.மீ. தூரத்தில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு ஏறத்தாழ 30 சதவீதம் பெரிதாகத் தெரிகிறது என்று 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு கணக்கிட்டது. கேமரா அவ்வளவு பக்கத்தில் இருப்பதுதான் காரணம். 1977இல் வந்த இன்னோர் ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும்: நமக்குக் கண்ணாடியில் தெரிகிற நம் முகம் பிடிக்கிறது, நண்பர்களுக்கோ அவர்கள் தினமும் பார்க்கிற நேர் முகம். பழகிய முகம்தானே பிடிக்கும்!

அப்புறம் ஒரு ஞாயிறு, பாரதி பூங்காவில் நாங்கள் நாலு பேர் ஒரு தாளை நாலாக மடித்து, ஆளுக்கொரு பகுதியாக என் முகத்தை வரைந்தோம். இரண்டு மணி நேரம் ஆனது. காதுகள் பொருந்தவே இல்லை. என் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. செல்ஃபியில் ஃபில்டர் அதைத் துடைத்துவிட்டிருந்தது. அத்தை மகள் கரித்துண்டை எடுத்ததும் முதலில் போட்டது அந்தத் தழும்பைத்தான். “இது இல்லாம நீ எப்படிடீ?” என்றாள்.

ஊருக்குப் போனதைச் சொல்ல செல்ஃபி போதும். நான் யார் என்று பார்க்க எனக்கு அந்தத் தாள்தான். மடிப்புக் கோடுகளோடு அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன்.