ஆய்வேடா, ப்ராஜெக்டா, தேர்வா: கலிஃபோர்னியாவில் எம்.ஏ. பொருளியலை முடிக்கும் மூன்று வழிகள்

கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி என்பது ஒரே கல்லூரி அல்ல. சான் டியேகோ, லாங் பீச், ஃபுல்லர்டன், சான் ஹோசே என்று பல வளாகங்கள் சேர்ந்த மாநில அமைப்பு. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் இருக்கும் யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா வேறு. பெயர் ஒன்றுபோல் இருப்பதால், ஒன்றின் விதியை மற்றொன்றுக்குப் படித்துவிட்டு விண்ணப்பிப்பவர்கள் உண்டு.

ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்கள் எல்லாவற்றுக்கும் முதுகலைப் பட்டத்துக்கான அடிப்படை விதி ஒன்றுதான். மாநில விதித்தொகுப்பின் டைட்டில் 5, பிரிவு 40510 அதைச் சொல்கிறது. குறைந்தது 30 செமஸ்டர் யூனிட் (பாடச்சுமையின் அளவு) படிக்க வேண்டும்; அதில் பாதிக்குக் குறையாமல் முதுகலை மாணவர்களுக்கென்றே நடத்தப்படும் வகுப்புகளாக இருக்க வேண்டும். ஏழு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரிப் புள்ளி, 3.0க்குக் கீழே போகக் கூடாது. கடைசியாக, ஆய்வேடு, ப்ராஜெக்ட், ஒருங்கிணைந்த தேர்வு ஆகிய மூன்றில் ஒன்றை நிறைவு செய்ய வேண்டும். ஆய்வேட்டுக்கோ ப்ராஜெக்டுக்கோ 6 யூனிட்டுக்கு மேல் கணக்கில் எடுக்க முடியாது. மூன்று வழியும் எல்லாத் துறையிலும் திறந்திருக்காது. எது உண்டு என்பதைத் துறைதான் முடிவு செய்கிறது. சேருவதற்கு முன்பே அந்த வளாகத்தின் கேட்டலாக்கில் (படிப்பு விதிகளின் கையேடு) பார்த்துவிட வேண்டும்.

வகுப்பு ஒன்று 3 யூனிட் என்றால் 30 யூனிட் என்பது பத்து வகுப்பு. மைக்ரோ (தனிநபர், நிறுவன அளவிலான பொருளியல்), மேக்ரோ (நாட்டளவிலான பொருளியல்), எகனோமெட்ரிக்ஸ் (புள்ளியியலைக் கொண்டு பொருளியலை அளப்பது) மூன்றும் எந்த வழியில் போனாலும் தப்பாது. 3.0 என்றால் சராசரி ‘பி’. ஒரு ‘சி’ வாங்கினால் (2.0), அதே யூனிட்டுள்ள இன்னொரு வகுப்பில் ‘ஏ’ (4.0) வாங்கினால்தான் தராசு நேராகும். முதல் செமஸ்டர் மைக்ரோவில் சறுக்கிவிட்டு, “ஆய்வேட்டில் ஏற்றிக்கொள்ளலாம்” என்று இருப்பது ஆபத்து. ஆய்வேட்டு யூனிட்டுகளுக்குப் பெரும்பாலும் எழுத்து கிரேடு கிடையாது. தேர்ச்சி, தேர்ச்சியின்மை மட்டுமே பதிவாகும். அது ஜிபிஏவை ஒரு புள்ளிகூடத் தூக்காது. ஆய்வேட்டுக்காரர் எட்டு வகுப்பில் கட்ட வேண்டிய சராசரியை, தேர்வு வழிக்காரர் பத்து வகுப்பில் கட்டுகிறார். இந்தச் சின்ன வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

ஒருங்கிணைந்த தேர்வு

இது செமஸ்டர் பரீட்சையின் நீட்சி அல்ல. படித்ததையெல்லாம் சேர்த்துப் பார்க்கத் தெரிகிறதா, சொந்தமாக யோசிக்கத் தெரிகிறதா, பாடம் கைவசமாகியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும் என்பதே விதி. வழக்கமாக மைக்ரோவும் மேக்ரோவும் வரும். சில துறைகள் எகனோமெட்ரிக்ஸையும் சேர்க்கும். எப்படிப்பட்ட கேள்வி வரும் என்பதற்கு ஒரு மாதிரி:

ஒருவருடைய பயன்பாடு (பண்டங்களால் கிடைக்கும் திருப்தி), இரண்டு பண்டங்களின் அளவைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண். வருமானம் 100. இரண்டு விலையும் 1. முதல் பண்டத்தின் விலை 4 ஆக ஏறுகிறது. அவருக்கு நஷ்டம் எவ்வளவு?

இப்படிப்பட்டவர் வருமானத்தைச் சரிபாதியாகப் பிரித்துச் செலவழிப்பார். முன்பு 50, 50 வாங்கினார், பயன்பாடு 50. இப்போது 12.5, 50 வாங்குகிறார், பயன்பாடு 25. புதிய விலையில் பழைய 50ஐ எட்ட 200 வேண்டும். ஆகவே காம்பன்சேட்டிங் வேரியேஷன் 100. பழைய விலையில் இப்போதைய 25ஐ எட்ட 50 போதும். ஆகவே ஈக்விவலண்ட் வேரியேஷன் 50. தேவைக் கோட்டுக்கு இடப்புறம் பரப்பை அளந்தால் நுகர்வோர் உபரியின் (தர முன்வரும் விலைக்கும் தருகிற விலைக்கும் உள்ள இடைவெளி) இழப்பு ஏறத்தாழ 69.3.

ஒரே விலையேற்றத்துக்கு 100, 69.3, 50 என்று மூன்று விடை. கணக்கு முக்கால்வாசிப் பேருக்கு வந்துவிடும். மதிப்பெண் போவது அதற்கு அடுத்த வரியில். முதல் எண், விலை ஏறிய பிறகு பழைய நிலைக்குத் திரும்ப அவருக்குத் தர வேண்டிய தொகை. கடைசி எண், விலை ஏறாமல் இருக்க அவர் விட்டுக்கொடுக்கக்கூடிய தொகை. இரண்டும் வேறுபடக் காரணம் வருமான விளைவு, அதாவது விலை ஏறும்போது வருமானத்தின் வாங்கும் சக்தி சுருங்கி வாங்குவதும் மாறுவது. இதை எழுதாமல், அல்லது பெயரை மாற்றிப் போட்டு, எண்ணை மட்டும் வைத்துவிட்டு வந்தால் பாடம் கைவசமாயிற்று என்று திருத்துபவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

தயாரிப்புக்கு எட்டு முதல் பத்து வாரம் ஒதுக்குங்கள். துறையிடம் பழைய வினாத்தாள் கேளுங்கள். ஒவ்வொரு விடையையும் தாளைப் பார்க்காமல், நேரம் வைத்து, முழு வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள். குறிப்பைப் புரட்டிப் பார்த்து “தெரியும்” என்று தலையாட்டுவதால் தேர்வறையில் ஒன்றும் வராது. தோற்றால் இன்னொரு முறை எழுத விடுவது வழக்கம். இரண்டாவதும் போனால் பட்டமே கேள்விக்குறி. தேர்வு செமஸ்டருக்கு ஒரு முறைதான் நடக்கும் என்றால், ஒரு தோல்வியின் விலை நான்கைந்து மாதம்.

ஆய்வேடு

பிஎச்.டி. போகிறவர்கள் ஆய்வேடுதான் எழுத வேண்டும் என்ற பேச்சு பாதி உண்மை. சேர்க்கைக் குழு பார்ப்பது ஆய்வேட்டின் தடிமனை அல்ல. ஓராண்டு உங்களுடன் உட்கார்ந்து வேலை செய்த பேராசிரியர் எழுதும் பரிந்துரைக் கடிதமும், கணித வகுப்புகளின் கிரேடும்தான் பேசும். அந்தக் கடிதத்துக்கு வழி செய்வதில் ஆய்வேட்டை மிஞ்ச ஒன்றுமில்லை என்பது மெய்.

முறை இதுதான்: நெறியாளர் ஒருவர், வழக்கமாக அவரோடு சேர்த்து மூன்று பேர் குழு, ஆய்வு முன்மொழிவு, கேண்டிடேசிக்கு முன்னேற்றம் (பட்டத்துக்குரியவராக ஏற்கப்படுவது) என்ற அதிகாரபூர்வப் படி, 6 யூனிட் வரை பதிவு, எழுதுதல், வாய்மொழித் தேர்வு, பிறகு பட்டமேற்படிப்பு அலுவலகத்தின் வடிவச் சரிபார்ப்பு. இந்தக் கடைசிப் படியை அற்பமாக நினைக்காதீர்கள். மார்ஜின், பக்க எண், அட்டவணைத் தலைப்பு தப்பாக இருந்தால் திரும்பி வரும். ஒப்படைக்கும் கடைசி நாள் செமஸ்டர் முடிவுக்குச் சில வாரம் முன்பே இருக்கும். அது தவறினால் பட்டம் அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிப்போகும். பதிவுக் கட்டணம் மறுபடியும் கட்ட வேண்டும்.

ஆனால் ஆய்வேடு சாவது பெரும்பாலும் மார்ஜினில் அல்ல, தரவில். 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சி குறைந்தபட்ச ஊதியத்தை 4.25 டாலரிலிருந்து 5.05 ஆக உயர்த்தியது. பக்கத்து பென்சில்வேனியா உயர்த்தவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும், இதனால் வேலைவாய்ப்பு குறைந்ததா என்று எல்லையின் இருபுறமும் 410 துரித உணவகங்களை முன்னும் பின்னும் விசாரித்து, 1994இல் கட்டுரை வெளியிட்டார்கள். முதுகலை மாணவர்கள் அதே அச்சில் ஒன்று வார்க்க ஆசைப்படுகிறார்கள். குழு கேட்கும் முதல் கேள்வி: இரண்டே மாநிலம், அதே மாதங்களில் ஒரு மாநிலத்தில் மட்டும் வேறொன்று நடந்திருந்தால் எப்படிப் பிரிப்பீர்கள்? மாநிலங்களைக் கூட்டினால் அடுத்த கேள்வி: ஒவ்வொரு மாநிலமும் வேறு வேறு ஆண்டில் உயர்த்தியிருக்கிறது, வழக்கமான இருவழி நிலைவிளைவு மாதிரி (மாநிலத்துக்கும் ஆண்டுக்கும் உரிய நிலையான வேறுபாடுகளைக் கழித்துப் பார்க்கும் கணக்கு), முன்பே உயர்த்திய மாநிலங்களைப் பின்னால் வந்தவற்றுக்கு ஒப்பீடாக எடுத்துக்கொள்ளுமே, அதற்கு என்ன பதில்? இந்த இரண்டுக்கும் விடை முன்மொழிவிலேயே இருக்க வேண்டும். அத்தியாயம் மூன்று எழுதிய பிறகு கேட்டால் அடித்தளம் பெயரும்.

ஐபம்ஸ் (கணக்கெடுப்புத் தரவுகளின் இணையத் தொகுப்பு) போலப் பொதுவில் இறக்கிக்கொள்ளக்கூடிய தரவைக் கொண்டு தொடங்குங்கள். சென்சஸ் அலுவலகம் எல்லோருக்கும் திறக்காத தரவைக் கேட்டால் அனுமதிக்கே மாதக்கணக்கில் ஆகும். ஊரில் போய் நூறு குடும்பத்தைக் கணக்கெடுக்கப் போகிறேன் என்றால், மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான ஐஆர்பி ஒப்புதல் முதல் கேள்வித்தாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ள முடியாது.

ப்ராஜெக்ட்

பொருளியல் துறைகளில் இது குறைவு. ஒரு நகராட்சிக்கு விற்பனை வரி வருவாயை முன்கணிப்பது போன்ற பயன்பாட்டு வேலை, கூடவே எழுத்து அறிக்கை. அரசு அலுவலகத்திலோ ஆலோசனை நிறுவனத்திலோ வேலை தேடுபவருக்கு நேரடியாக உதவும். சிக்கல் ஒன்றுதான்: தரவு வெளியாருடையது. அதை அறிக்கையில் பயன்படுத்த எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் தொடங்காதீர்கள். பேசிவைத்த அதிகாரி மாறிப்போனால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

விசாவைத் தொடும் விஷயங்கள்

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்கு, எந்த வழி என்ற முடிவு இன்னும் கனமானது. பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற படிவத்தில் உள்ள படிப்பு முடிவுத் தேதிக்கு முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஆய்வுத் தலைப்பு மாறியது, எதிர்பாராத ஆய்வுச் சிக்கல் போன்றவை ஏற்கத்தக்க காரணங்கள். கிரேடு குறைந்து புரொபேஷனில் (கல்விக் கண்காணிப்பு) போனதால் வந்த தாமதம் ஏற்கப்படாது. பாடங்கள் முடிந்து ஆய்வேடு மட்டும் பாக்கி இருக்கும்போதே ஓபிடி (படித்த துறையில் தற்காலிகமாக வேலை செய்வது) வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. வசதிதான், ஆனால் நாற்பது மணி நேர வேலைக்குப் போனபின் ஆய்வேட்டைத் திறக்க நேரம் வராது, ஏழாண்டுக் கெடுவோ ஓடிக்கொண்டே இருக்கும்.

12 மாத ஓபிடிக்கு மேல் 24 மாத ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் சார்ந்த படிப்புகளுக்கான) நீட்டிப்பு, எந்த வழியில் முடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. படிப்பின் குறியீடு 45.0603, அதாவது எகனோமெட்ரிக்ஸ் மற்றும் அளவுசார் பொருளியல், என்றால் உண்டு, 45.0601 என்ற பொதுப் பொருளியல் என்றால் இல்லை. சேருமுன் துறையிடம் இந்த ஆறு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது செமஸ்டர் முடியும்போது உங்கள் கணினியில் தரவு இறங்கி, ஓர் அட்டவணையாவது ஓடி, அதை நெறியாளர் பார்த்திருந்தால் ஆய்வேட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் தேர்வுக்குப் பதிந்துவிடுங்கள். நடுவில் மாறிக்கொள்ளலாம் என்று துறை சொல்லக்கூடும். ஆனால் ஆய்வேட்டுக்கென்று எடுத்த 6 யூனிட் தேர்வு வழியின் 30இல் சேருமா என்று கேளுங்கள். சேராது என்றால் இரண்டு வகுப்பு கூடுதல், அதாவது இன்னொரு செமஸ்டர்.