பெர்ரி மேசன் தோற்ற இரண்டு வழக்குகள்: எதை முதலில் பார்ப்பது?

1957 முதல் 1966 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடிய பெர்ரி மேசன் தொடரில் மொத்தம் 271 எபிசோடுகள். ரேமண்ட் பர் நடித்த வக்கீல் மேசன், கடைசி நிமிடத்தில் குறுக்கு விசாரணையிலேயே உண்மையான கொலையாளியை ஒப்புக்கொள்ள வைத்துவிடுவார். அதனால்தான் ஜூரி ‘குற்றவாளி’ என்று சொல்லும் எபிசோடு வந்தால் நமக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

முதலாவது, 1958 ஜூனில் வந்த ‘டெரிஃபைட் டைப்பிஸ்ட்’. இதில் தீர்ப்பு கடைசியில் வருகிறது, அதுவும் மேசனுக்கு எதிராக. ஆனால் (கதையை உடைக்கிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போய்விடுங்கள்) கட்சிக்காரரே ஆள்மாறாட்டக்காரர் என்று தெரிந்ததும் அந்தத் தீர்ப்பு நிற்காமல் போகிறது. சாமர்த்தியமான முடிச்சுதான், ஆனாலும் சட்ட ஓட்டை வழியாகத் தோல்வியைத் துடைத்துவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

1963 அக்டோபரில் வந்த ‘டெட்லி வெர்டிக்ட்’ தொடங்குவதே தீர்ப்பில்தான். ஜூலி ஆடம்ஸ் நடித்த பெண்ணுக்கு மரண தண்டனை, நச்சுவாயு அறை காத்திருக்கிறது, அவளோ எதையோ மறைக்கிறாள், நேரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எப்போதும் அசராத மேசன் தோற்ற பாரத்தோடு அலைவதைப் பார்க்கும்போது, அப்புறம் கொலையாளி யார் என்பதைவிட இவளைக் காப்பாற்ற முடியுமா என்பதுதான் மனதை அழுத்துகிறது.

புதிர் பிடிக்கும் என்றால் முதலாவது. ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறதா, சரி, யோசிக்காமல் ‘டெட்லி வெர்டிக்ட்’ போடுங்கள்.