ஓபன்மீடியாவால்ட்: எங்கள் அச்சகத்தில் கண்ட சிக்கல்களும் கைகொடுத்த வழிகளும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் அச்சகத்தின் பைல்கள் எல்லாம் 2021 முதல் ஒரு பழைய டெஸ்க்டொப்பில்தான் இருக்கின்றன. அதில் ஓடுவது ஓபன்மீடியாவால்ட் (ஓஎம்வி), ஒரு சாதாரணக் கணினியை எல்லோரும் பைல் வைத்தெடுக்கும் சேர்வராக மாற்றும் இலவச மென்பொருள். கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவு மலர் என்று வேலை நடக்கும். மலர் அடித்துப் பல வருடம் போன பிறகும், "அப்பாவின்ர அந்தப் படம் உங்களிட்ட இருக்கோ?" என்று வெளிநாட்டிலிருந்து கேட்டு வருவார்கள். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அதனால் இந்த மென்பொருளை நம்பலாமா என்பது எனக்குச் சின்னக் கேள்வி இல்லை. நம்பலாம். ஆனால் அதன் ஒரு குணத்தைத் தெரிந்துகொண்டுதான் நம்ப வேண்டும்.

இதற்குத் தன்னுடைய பதிவேடுதான் வேதவாக்கு. கான்ஃபிக்.எக்ஸ்எம்எல் என்ற ஒரே பைலில் எல்லா அமைப்புகளையும் எழுதி வைத்திருக்கும். பிரவுசரில் மாற்றம் செய்து 'அப்ளை' கொடுத்ததும், சால்ட் என்ற கருவி அந்தப் பதிவேட்டைப் படித்து, சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு போல்டர்களைப் பகிரும் பகுதி), நெட்வேர்க் ஆகியவற்றின் அமைப்பு பைல்களைப் புதிதாக எழுதும். பலரும் முறையிடும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் வருகிறது.

சாம்பா பைலைக் கையால் திருத்தினால் அடுத்த 'அப்ளை'யோடு அது காணாமல் போகும். சேர்க்க வேண்டிய வரிகளை 'எக்ஸ்ட்ரா ஒப்ஷன்ஸ்' பெட்டியில் போட்டால் பதிவேட்டிலேயே ஏறிவிடும், பிறகு பயமில்லை. பழுதான டிஸ்கைக் கழற்றிய பிறகும் அதன் பெயர் பட்டியலில் நிற்கும், அழிக்கும் பொத்தானும் வேலை செய்யாது. ஏதோ ஒரு ஷெயார் (பகிர்ந்து விட்ட போல்டர்) இன்னும் அதைக் குறித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதலில் சாம்பா ஷெயார், அடுத்து ஷெயார்ட் போல்டர், கடைசியில் பைல் சிஸ்டம் என்ற ஒழுங்கில் நீக்கினால் சத்தமில்லாமல் போய்விடும்.

எங்களை அதிகம் அலைக்கழித்தது அனுமதி விவகாரம். "அண்ணை, திறக்குது, ஆனா சேவ் பண்ண விடுதில்லை" என்று டிசைன் பண்ணும் தங்கச்சி கூப்பிடுவா. திரையில் பார்த்தால் அவவுக்கு எழுதும் உரிமை டிக் போட்டபடியே இருக்கும். அந்த டிக் சாம்பாவுக்கு மட்டும்தான். டிஸ்கில் அந்த பைலின் சொந்தக்காரர் யார் என்பது வேறு கணக்கு. டெர்மினல் வழியாக ரூட் (சேர்வரின் தலைமை நிர்வாகி) பெயரில் கொப்பி செய்த பைல்கள் ரூட்டுக்கே சொந்தமாக நிற்கும், இரண்டு இடத்திலும் அனுமதி கிடைத்தால்தான் சேவ் ஆகும். கூடுதல் பிளக்இன்கள் தரும் ஓஎம்வி-எக்ஸ்ட்ராஸில் உள்ள 'ரீசெட் பேர்ம்ஸ்' பிளக்இன் ஒரு போல்டர் முழுவதையும் ஒரேயடியாகச் சரிசெய்து தருகிறது. பக்கத்தில் இருக்கும் ஏசிஎல் (ஆளுக்காள் நுணுக்கமாக அனுமதி வைக்கும்) பகுதியைத் தொடாமல் விடுங்கள். எங்களைப் போன்ற சின்ன இடத்துக்கு அது தேவையில்லாத தலையிடி.

விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பு வந்தபோது பாஸ்வேர்ட் இல்லாத 'கெஸ்ட்' ஷெயார்கள் திறக்காமல் போயின. விண்டோஸ் பைல் பகிரும் முறையான எஸ்எம்பியில், தரவு வழியில் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயமாக்கப்பட்டதுதான் காரணம். கெஸ்ட் இணைப்புக்குக் கையொப்பம் போட முடியாது. விண்டோஸில் அந்தப் பாதுகாப்பை நிறுத்திவிடும்படி நிறையப் பேர் வழி சொல்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒவ்வொருவருக்கும் சேர்வரில் ஒரு பயனர் கணக்கு திறந்து கொடுங்கள், ஒரு பின்னேரத்து வேலை. ஒரே கணினியிலிருந்து ஒரே சேர்வருக்கு இரண்டு பயனர் பெயரில் போனால் விண்டோஸ் 1219 என்ற பிழையைக் காட்டும். அவசரத்துக்கு ஒன்றை சேர்வரின் பெயராலும் மற்றதை ஐபி முகவரியாலும் திறக்கலாம்.

இனிக் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முன்னறிவிப்பே இல்லாமல் நாடு முழுவதும் போனது. யூபிஎஸ் வாங்கி வைத்தால் மட்டும் போதாது, அதை யூஎஸ்பி வயரால் சேர்வரோடு இணைத்து, யூபிஎஸ்ஸைக் கவனித்து சேர்வரை ஒழுங்காக நிறுத்தும் 'நட்' பிளக்இன்னைப் போட வேண்டும். அதில் நிறுத்தும் முறை இரண்டு உண்டு. பேட்டரி இறங்கியதும் நிறுத்துவது ஒன்று, கரண்ட் போய்க் குறித்த நேரத்தில் நிறுத்துவது மற்றது. மலிவான யூபிஎஸ்கள் 'பேட்டரி குறைவு' என்று சொல்லும்போது மூச்சு நின்றுவிடும், சேர்வர் ஒழுங்காக மூட நேரமிருக்காது. ஆகவே இரண்டாவது முறைதான் நமக்குச் சரி. பயாஸில் 'கரண்ட் வந்ததும் தானாக எழும்பு' என்பதையும் போட்டுவிடுங்கள். ஆனால் சேர்வர் மூடும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் கரண்ட் திரும்பி வந்தால், யூபிஎஸ் இடையில் அணையாததால் சேர்வர் படுத்தபடியே கிடக்கும். காலையில் வந்து பொத்தானை அமத்த ஒருவர் வேண்டும்.

ஓபன்மீடியாவால்ட்டின் 7ஆம் பதிப்புக்கு மாறியவர்கள், பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் ரெயிட் மெனுவைக் காணவில்லை என்று பதறினார்கள். தரவுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது தனி பிளக்இன் ஆகிவிட்டது, 'எம்டி' என்ற பெயரில் கிடைக்கிறது. மேம்படுத்தியதும் திரை குழம்பித் தெரிந்தால் பிரவுசர் கேஷை அழியுங்கள். நிர்வாகப் பாஸ்வேர்ட் மறந்துபோனால் 'ஓஎம்வி-ஃபர்ஸ்ட்எய்ட்' கட்டளை இருக்கிறது.

வெளியிலிருந்து பைல் எடுக்க வேண்டுமென்று ரவுட்டரில் போர்ட் திறப்பதை நான் ஏற்கவே மாட்டேன். 2022இல் டெட்போல்ட் என்ற ரான்சம்வெயார் (பைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் தீய மென்பொருள்), இணையத்துக்குத் திறந்து கிடந்த நாஸ் பெட்டிகளைத்தான் (நெட்வேர்க் வழியாகப் பைல் சேமிக்கும் பெட்டிகள்) தேடிப் பூட்டியது. வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு, அந்தப் பாதுகாப்பான வழியாக உள்ளே வாருங்கள்.

பெரிய பதிப்பு மாற்றத்தை நாங்கள் போயா (பௌர்ணமி விடுமுறை) தினத்தில்தான் வைத்துக்கொள்கிறோம், அச்சகம் பூட்டியிருக்கும். முதலில் டேட்டா டிஸ்குகளின் வயரைக் கழற்றிவிட்டு, பூட் ஆகும் எஸ்எஸ்டியை க்ளோன்சில்லாவால் இன்னொரு எஸ்எஸ்டிக்குப் பிரதி எடுக்கிறோம். மேம்படுத்துவது அந்தப் பிரதியில்தான். முரண்டு பிடித்தால் பழையதை மாட்டினால் போதும், மறுநாள் காலை வேலை வழமைபோல் தொடங்கும்.