டெக்ஸா, லக்கி லூக்கா? புது வெளியீட்டில் எதை வாங்கலாம்?

தருமபுரியில் காமிக்ஸைப் புரட்டிப் பார்த்து வாங்குவது அரிது. லயன்-முத்து காமிக்ஸ் வெளியாகும் சிவகாசியிலிருந்து கூரியரில் வரவழைக்கும்போது எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

லக்கி லூக் முழு வண்ணம். பெல்ஜிய ஓவியர் மோரிஸ் 1946-இல் படைத்த கௌபாய். 1983 முதல் அவர் வாயில் சிகரெட் போய் வைக்கோல் துரும்பு வந்துவிட்டது. வீட்டில் தமிழ் படிக்கப் பழகும் பிள்ளை இருந்தால் யோசிக்கவே வேண்டாம், இதுதான். கதையின் வில்லன்களான டால்டன் சகோதரர்கள் உயர வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே சிரித்துவிடும்.

ஆனால் எனக்கென்று ஒன்று எடுப்பதென்றால் டெக்ஸ் வில்லர்தான். 1948-இல் இத்தாலிய காமிக்ஸில் பிறந்த வெஸ்டர்ன் நாயகர். வண்ணம் இல்லாததைக் குறையாக நினைக்காதீர்கள். பாலைவனப் பாறையின் நிழலைக் கறுப்பு மசியில் ஓவியர்கள் தீட்டும் அழகே தனி. கதை நூறு பக்கம் தாண்டி ஓடும். நடுவில் துப்பாக்கிச் சண்டை ஓய்ந்ததும் டெக்ஸின் நண்பர் கார்சன் வறுத்த கறியும் உருளைக்கிழங்கு வறுவலும் கேட்பார் பாருங்கள், அந்த நட்புக்காகவே வாங்கலாம்.

பெங்களூரு பஸ்ஸில் ஏறினால் ஓசூருக்குள் லக்கி முடிந்துவிடுவார். டெக்ஸ் கடைசி ஸ்டாப் வரை கூட வருவார்.