பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச், ஸ்டீம் டெக்: மால்வேர் எதில் எளிதாக நுழையும்?

கடையில் வாங்கியபடியே வைத்து விளையாடினால் மால்வேர் (கேடு செய்யும் நிரல்) ஆபத்து மிகக் குறைவு எக்ஸ்பாக்ஸிலும் பிஎஸ்5-இலும்தான். ஸ்விட்ச் அவற்றுக்கு ஒரு படி கீழே. ஸ்டீம் டெக்கை இந்த வரிசையில் வைப்பதே சிரமம். கையடக்கக் கன்சோல் போலத் தெரிந்தாலும் அது முழு லினக்ஸ் கணினி.

முதல் மூன்றும் தயாரிப்பு நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத நிரலை ஓட்டாது. வைரஸ் தொற்றிய பென் டிரைவை பிஎஸ்5-இல் செருகினால் ஒன்றும் ஆகாது. அதைத் திரும்பக் கணினியில் செருகும்போதுதான் தொல்லை. இவற்றுக்கு ஆன்டிவைரஸ் போடவும் வழியில்லை.

எக்ஸ்பாக்ஸில் ஹைப்பர்வைசருக்கு (பல இயங்குதளங்களைத் தனித்தனியாக ஓட்டும் அடித்தள நிரல்) மேல் கேம்களுக்கு ஓர் இயங்குதளம், ஆப்களுக்கு இன்னொன்று என்று பிரித்திருக்கிறார்கள். 2024-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஓர் ஆப் வழியாக வெளிவந்த ஓட்டையும் ஆப் பக்கத்தோடு நின்றுவிட்டது. ஆனால் இதில் எட்ஜ் உலாவி முழுதாக உண்டு. "உங்கள் எக்ஸ்பாக்ஸில் வைரஸ், இந்த எண்ணை அழையுங்கள்" என்று திரை நிரம்ப வந்தால் அது வெறும் வலைப்பக்கம். எட்ஜை மூடி, அதன் குக்கீகளை அழித்தால் போதும். பிஎஸ்5-இல் உலாவிக்கு ஐகானே இல்லை என்பது ஒரு வசதி. பிஎஸ்4 வைத்திருப்பவர்களுக்கு 2018 அக்டோபர் நினைவிருக்கும்: ஒரு குறிப்பிட்ட எழுத்துக்குறி கொண்ட செய்தி வந்தாலே கன்சோல் முடங்கியது. செய்தியை மொபைல் ஆப்பில் அழித்து, சேஃப் மோடில் டேட்டாபேஸை மறுகட்டமைத்தால் சரியானது.

ஸ்விட்சில் இரண்டு ஓட்டைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2018-இல் வெளியான ஃபியூஸே ஜெலே, டெக்ரா சிப்பின் பூட்ரோமில் (கருவி தொடங்கும்போது முதலில் ஓடும், மாற்ற முடியாத நிரல்) இருப்பது. அப்டேட்டால் அடைக்க முடியாது. ஆனால் கருவி கையில் இருந்து, யுஎஸ்பி கேபிளும் செருகினால்தான் அது பலிக்கும். 2022 டிசம்பரில் வெளியான ஈஎன்எல்பஃபர்பவ்ன் தான் பயங்கரம். மரியோ கார்ட் 8 டீலக்ஸ், ஸ்பிளட்டூன் 2 போன்ற கேம்களில் எதிராளியோடு ஆன்லைனில் சேர்ந்தாலே உங்கள் கருவியில் அவர் நிரலை ஓட்ட முடிந்தது. தீவிர மதிப்பெண் 10-க்கு 9.8. கேம் அப்டேட்டில்தான் அது அடைபட்டது. ஆகவே சிஸ்டத்தை மட்டும் அப்டேட் செய்து, கேம்களை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

கன்சோலை ஜெயில்பிரேக் செய்தால் (நிறுவனத்தின் பூட்டை உடைத்தால்) இந்த ஒப்பீடே செல்லாது. கையொப்பச் சோதனை போனபின் காக்க ஒன்றுமில்லை. 2005-இலேயே சோனியின் கையடக்கக் கன்சோலான பிஎஸ்பி-க்கு, ஃபர்ம்வேரைப் (கருவியின் அடிப்படை மென்பொருள்) பழைய பதிப்புக்குப் பின்னிறக்கும் மென்பொருள் என்ற பெயரில் வந்த டிரோஜன் (நல்லது போல் வேடமிட்ட மால்வேர்), சிஸ்டம் கோப்புகளை அழித்துக் கருவியைச் செங்கல்லாக்கியது. ஸ்விட்சை ஜெயில்பிரேக் செய்யக் காசு வாங்கி விற்ற எஸ்எக்ஸ் ஓஎஸ் என்ற மென்பொருளில், யாராவது அதைக் குடைந்தால் உள் நினைவகத்தையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் நிரல் இருந்ததை 2018-இல் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள்.

ஸ்டீம் டெக்கில் சிஸ்டம் பகுதி படிக்க மட்டும் என்று பூட்டப்பட்டிருக்கிறது. பலர் இதை நம்பி ஏமாறுகிறார்கள். உங்கள் சேவ்கள், உலாவி குக்கீகள் எல்லாம் இருக்கும் ஹோம் கோப்புறை திறந்தே கிடக்கிறது. விண்டோஸ் கேம்களை ஓட்டும் புரோட்டான், இசட் டிரைவாக முழுக் கோப்பு மரத்தையும் அந்த கேமுக்குக் காட்டும். பாஸ்வேர்டு திருடும் விண்டோஸ் மால்வேர் வழக்கமாக ஆப்டேட்டா (ஆப்களின் தரவு இருக்கும்) கோப்புறையைத் தேடும். புரோட்டானுக்குள் அது பெரும்பாலும் காலி, அதனால் பல டெக்குகள் தப்பிவிடுகின்றன. லினக்ஸைக் குறிவைத்து எழுதியிருந்தால் அந்த அதிர்ஷ்டமும் இல்லை. ஸ்டீம் கடையே முழு உத்தரவாதம் தராது: 2025 பிப்ரவரியில் பைரேட்ஃபை என்ற இலவச கேம் மால்வேரோடு அங்கே இருந்தது. டெஸ்க்டாப் மோடில் முதல் வேலையாக 'passwd' கட்டளையால் கடவுச்சொல் வையுங்கள். வாங்கும்போது அது காலியாக இருக்கும். கிராக் செய்த இஎக்ஸ்இ கோப்புகளை "ஸ்டீம் அல்லாத கேம்" என்று சேர்க்கவே வேண்டாம்.

நான்கிலும் திருடன் அதிகம் தேடுவது கணக்கைத்தான். 2020-இல் நின்டெண்டோவில் சுமார் 3 லட்சம் கணக்குகளுக்குள் வெளியார் நுழைந்தார்கள், ஒரு கன்சோலையும் தொடாமல். பிஎஸ்என் (பிளேஸ்டேஷன் கணக்கு), நின்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் மூன்றிலும் இப்போது பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதில் போன் போன்ற கருவியால் உள்நுழையும் முறை) உண்டு. ஸ்டீமுக்கு மொபைலில் வரும் கூடுதல் உள்நுழைவுச் சோதனையான Steam Guard.

டெக்கில் தொற்று என்று சந்தேகம் வந்தால் வரிசை முக்கியம். முதலில் வைஃபையைத் துண்டித்து, வேறு சுத்தமான போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். பிறகு 8 ஜிபி-க்குக் குறையாத பென் டிரைவில் ரெகவரி இமேஜ் (சிஸ்டத்தை மீண்டும் நிறுவும் கோப்பு) எழுதி, வால்யூம் குறைப்புப் பொத்தானையும் பவரையும் சேர்த்து அழுத்தி அதிலிருந்து பூட் செய்து, ரீ-இமேஜ் தேர்ந்தெடுங்கள். இமேஜை மட்டும் புதிதாக்கினால், ஏற்கெனவே திருடுபோன லாகின் திருடனிடம் உயிரோடுதான் இருக்கும்.