பயனியர் எஸ்எக்ஸ்-780: வாங்கியது பாதி, பத்தவைத்தது பாதி

வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. அதில் எட்டு மாதம் மூடி கழற்றிய நிலையில் யாராவது ஒருவருடைய மேசையில்தான் கிடந்தது, அதனால் இதை ஆறு மாதம் பாட்டு கேட்டவனின் விமர்சனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்எக்ஸ்-780 என்பது பயனியர் என்ற ஜப்பான் கம்பெனி 1978-ல் கொண்டுவந்த ஸ்டீரியோ ரிசீவர். அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில். முகப்பு முழுக்க அலுமினியம், பெரிய டயல், ஒவ்வொரு பக்கமும் எத்தனை வாட் போகிறது என்று காட்ட இரண்டு முள் மீட்டர். மயிலாப்பூரில் ஃபிளாட் கட்டுவதற்காக இடிக்கப்போகும் ஒரு வீட்டில் கிடைத்தது. "அப்பா சிங்கப்பூர்லேருந்து கொண்டுவந்தது சார், காயலான் கடைக்குப் போட மனசு வரல" என்றார் பிள்ளை. மனசு வராதவர் 22,000 கேட்டார், 18,000-க்கு முடிந்தது. போட்டுக் காட்டும்போது பாடியது, ஆனால் வலது பக்கம் வந்து வந்து போனது, வால்யூமைத் திருப்பினால் கரகரவென்று அப்பளம் நொறுக்குகிற சத்தம், டயலில் வெளிச்சமே இல்லை.

வாங்குவதற்கு முன்னால் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் பின்பக்கத்தைப் பார்த்தது. இதில் 110, 120, 220, 240 என்று வோல்ட்டேஜ் மாற்றும் வசதி இருந்தது. அமெரிக்காவுக்காகச் செய்தது என்றால் 120 மட்டும்தான், நேராக நம் பிளக்கில் சொருகினால் அன்றைக்கே கதை முடிந்தது, கனமான ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். ஜப்பான் உள்ளூர் விற்பனைக்குச் செய்தது இன்னும் மோசம். 100 வோல்ட் என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் காலத்து ஜப்பான் எஃப்எம் 76-லிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான், நம் ஊர் நிலையங்களோ கிட்டத்தட்ட எல்லாமே 90-க்கு மேலே. டயல் என்னமோ அழகாக எரியும், ஆனால் சூரியனும் வராது, மிர்ச்சியும் வராது. இதைத் தெரியாமல் வாங்கி அலமாரியில் அழகுக்கு வைத்திருப்பவர் ஒருவரை எனக்கே தெரியும்.

வாட் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்டதும் சித்தப்பா சிரித்தார். ஒரு பக்கத்துக்கு 45 வாட். "பர்மா பஜார்ல 3000 வாட் செட்டே கிடைக்குமேடா" என்றார். அந்த 3000 பிஎம்பிஓ கணக்கு, அதாவது ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்ச வாட், அட்டைப்பெட்டியில் அச்சடிக்க மட்டுமே உதவும் கணக்கு. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 1974-ல் ஒரு விதி கொண்டுவந்தது. ஆம்ப்ளிஃபயரை முதலில் நன்றாகச் சூடேற்றி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் விடாமல் ஓட்டி அளந்த வாட்டைத்தான் விளம்பரத்தில் போட வேண்டும். அந்த விதிக்குப் பயந்து எழுதிய 45 இது. என் பழைய சோனோடைன் ஸ்பீக்கர் பெட்டிகளில் சாதாரணமாகக் கேட்கும்போது அந்த முள் ஒரு வாட்டைத் தாண்டுவதில்லை. தாண்டினால் உள்ளேயிருந்து அம்மா குரல் வரும்.

இனி ரிப்பேர். முதலில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்தார், அரை நிமிடம் பார்த்தார், "ஐசி போயிடுச்சு" என்றார். அவரை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. இந்த மாடலில் கடைசியில் ஸ்பீக்கரைத் தள்ளும் வேலையைச் செய்வது எஸ்டிகே-0050 என்ற கறுப்புக் கட்டி, அதாவது பல பாகங்களை ஒன்றாக அடைத்த ஐசி, பக்கத்துக்கு ஒன்று. எஸ்டிகே என்றாலே நம் ஊரில் அசெம்பிள்டு செட் செய்த கைகளுக்கு 4141 ஞாபகம் வந்துவிடும். அதில் சத்தம் போனால் ஐசியை மாற்று, அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் 4141 முழு ஆம்ப்ளிஃபயர், 0050 வெறும் கடைசிக் கட்டம். அதை ஓட்டும் டிரான்சிஸ்டர்கள் எல்லாம் போர்டில் தனியாக இருக்கின்றன, கோளாறு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் மீட்டரைக் கையில் எடுக்கவே இல்லை. புது ஐசி போட்டார், வால்யூம் கண்ட்ரோலுக்குள் துரு எடுக்கிற ஸ்ப்ரேயைப் பீய்ச்சினார், 3,500 வாங்கிக்கொண்டார். கரகரப்பு நின்றது, கூடவே உள்ளே இருந்த கிரீஸும் கரைந்துபோய், வெண்ணெய் மாதிரி சுற்றிய குமிழ் இப்போது காற்றாடி மாதிரி சுற்றுகிறது. பதினோராவது நாள் ஒரு சின்ன 'பட்', அதோடு எல்லாம் அமைதி. ஸ்பீக்கர் பிழைத்தது உள்ளே இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்சின் புண்ணியம், ஸ்பீக்கருக்கு ஆகாத நேர் மின்சாரம் (டிசி) வந்ததும் அது ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும்.

நான் செய்த புத்திசாலித்தனம், கழற்றிய பழைய ஐசியைக் கேட்டு வாங்கி வைத்திருந்தது. ரிச்சி தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்கிறார், டேப் ரெக்கார்டர் காலத்து ஆள். அவரிடம் ரிசீவர், பழைய ஐசி இரண்டையும் நீட்டினேன். எரிந்துபோன புதியதைத் திருகாணியால் நெம்பி முகத்தைப் பெயர்த்தார். உள்ளே இருந்த சிலிக்கான் சில்லு கடுகளவுதான். "இத்தனை சின்னதால இவ்வளவு கரண்ட் எப்படித் தாங்கும் தம்பி? டூப்ளிகேட்டு" என்றார். பழையதை மீட்டரில் வைத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. முதல் நாளிலிருந்தே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

அப்படியானால் வலது பக்கம் ஏன் வந்து வந்து போனது? அதுவும் அதே ரிலேதான். மூடியைக் கழற்றி, ஒரு விசிட்டிங் கார்டை விரல் அகலத்துக்கு வெட்டி, ஆல்கஹாலில் நனைத்து, இரண்டு முனைகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருவினார். வெள்ளை அட்டையில் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. இரண்டாவது முறை கொஞ்சம் வெளிர். நாற்பது வருஷக் கருக்கு, அவ்வளவுதான் என் ரிசீவரின் வியாதி. உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதே, மேல் பூச்சு போய்விடும் என்றும் எச்சரித்தார். கடைசியில் புது ரிலேயே போட்டுவிட்டார், அது வேறு விஷயம்.

டூப்ளிகேட் ஐசி போகும்போது இரண்டு டிரைவர் டிரான்சிஸ்டரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது, அதை மாற்றினார். சின்ன கண்டென்சர்களில் முப்பது சொச்சம் மாறின. பவர் சப்ளையில் நிற்கும் இரண்டு பெரிய கண்டென்சரையும் சேர்த்து மாற்றிவிடலாமா என்று நான்தான் ஆர்வக்கோளாறில் கேட்டேன். அளந்து பார்த்துவிட்டு, "கெட்டது எதுன்னு மீட்டர் சொல்லட்டும், நீயும் நானும் சொல்ல வேணாம்" என்றார். மூலையில் ஒட்டியிருந்த பல்லி முட்டை ஓடுகளைப் பிரஷ்ஷால் தட்டினார். அப்புறம் நேராகப் பிளக்கில் போடாமல் 100 வாட் குண்டு பல்பைச் சீரிஸில் வைத்து ஆன் செய்தார். பல்ப் பளிச்சென்று எரிந்து உடனே மங்கியது. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் என்று அர்த்தம். சில நொடி கழித்து ரிலே 'டிக்' என்றது. ஸ்பீக்கர் முனையில் கசியும் நேர் மின்சாரம் 12 மில்லிவோல்ட். ஐம்பதுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. அவருக்கு 7,500, டயல் பல்புகளுக்கும் வயருக்கும் 900. முதல் மெக்கானிக்கின் தண்டச்செலவையும் சேர்த்தால் முப்பதாயிரத்துக்கு நூறு ரூபாய் குறைவு.

சத்தம் எப்படி? குரல் முன்னால் வந்து நிற்கிறது, பேஸ் கும்மென்று அடிக்காது, ஆனால் தபேலாவின் இடது கை தெளிவாகக் கேட்கிறது. ராத்திரி குறைந்த வால்யூமில், பேஸைத் தூக்கிக்கொடுக்கும் லவுட்னஸ் பட்டனை அழுத்தினால் போதும். ரெக்கார்டு பிளேயருக்கான போனோ பகுதி நான் எதிர்பார்த்ததைவிட அமைதி. செல்போனை ஆக்ஸ் என்று எழுதிய துளையில் சொருகுங்கள். தெரியாமல் போனோவில் சொருகிவிட்டு, சத்தம் சிதறுவதைக் கேட்டு 'இதுவும் போச்சா' என்று நான் ஒரு முறை அலறியிருக்கிறேன். ரேடியோதான் எனக்குப் பிடித்தது. மொட்டை மாடி வரை டி வடிவ வயர் இழுத்திருக்கிறேன், ரெயின்போ 101.4 துல்லியமாக விழுகிறது, என்ன, டயலில் அது 102-க்குப் பக்கத்தில் காட்டுகிறது. டியூனிங் குமிழை ஒரு சுண்டு சுண்டினால் முள் தானாகவே அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டு போகும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

குறை என்றால், சூடு. மேலே இருக்கும் துளைகளின் மீது துணி போடக் கூடாது என்று அம்மாவிடம் எத்தனை முறை சொன்னாலும் பூவேலை செய்த துணி ஒன்று மறுநாளே வந்துவிடுகிறது. ரிமோட் கிடையாது. எஸ்டிகே ஒரிஜினல் இனி கிடைப்பது அபூர்வம், போனால் போனதுதான். அதனால் என்னைக் கேட்டால் 780 வேண்டாம், அதற்கு முந்தைய 1976-ன் எஸ்எக்ஸ்-750 கண்ணில் பட்டால் அதை எடுங்கள். 50 வாட், கடைசிக் கட்டத்தில் தனித்தனி டிரான்சிஸ்டர், ஒன்று போனால் மாற்றுப் போட்டுக்கொள்ளலாம். ஐந்து வாட் வித்தியாசம் காதுக்கு எட்டவே எட்டாது.

என்னுடையதை விற்பீர்களா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். இப்போதைக்கு இல்லை. மேல் மூடிக்கு இன்னும் இரண்டு ஸ்க்ரூ குறைகிறது, முதல் மெக்கானிக் கடையில் விழுந்திருக்க வேண்டும், திரும்பப் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.