சுசுகியா, குமடாவா?

இரண்டு பென்சீன் வளையங்களை இணைக்க எந்த வினை நல்லது என்று சேலத்து எம்.எஸ்சி. மாணவர்கள் கேட்டால், நான் சுசுகி பக்கம்தான்.

குமடா வினை (1972) மலிவு: நிக்கல் வினையூக்கியும் கிரிக்னார்டு வினைபொருளும் (மெக்னீசியம் சேர்ந்த கரிமச் சேர்மம்) போதும். நம்ம ஊர் சுண்ணாம்புக் கரட்டின் மேக்னசைட் தாதுவில் இருக்கும் அதே மெக்னீசியம்தான் இதற்கும் உயிர். ஈதரில் கரைத்த புரோமோபென்சீனில் மெக்னீசியம் சீவலோடு ஓர் அயோடின் துணுக்கைப் போட்டால் பழுப்பு நிறம் மெல்ல மங்கி, ஈதர் தானாகவே கொதிக்கத் தொடங்கும். பார்க்கவே அருமை! ஆனால் ஐப்பசி மழையில் துளி ஈரம் உள்ளே போனாலும் வினைபொருள் வீண். மூலக்கூறில் எஸ்டர் தொகுதியோ கீட்டோன் தொகுதியோ இருந்தால் அதையும் தாக்கிவிடும்.

சுசுகிக்கு (1979, நோபல் 2010) தண்ணீர் பகையே இல்லை. போரானிக் அமிலம் (போரான் சேர்ந்த பென்சீன் வளையம்), பொட்டாசியம் கார்பனேட், துளி பல்லேடியம், டொலுவீன், எத்தனால், தண்ணீர். எஸ்டர், நைட்ரோ தொகுதிகள் பெரும்பாலும் தப்பிக்கும். முதலிலேயே நைட்ரஜனை உள்ளே செலுத்தி ஆக்சிஜனை விரட்டிவிடுங்கள். கரைசல் சீக்கிரமே கறுத்தால் பல்லேடியம் உலோகமாகப் படிகிறது என்று அர்த்தம்.

பல்லேடியம் விலைதான் உறுத்தும். வேறு தொகுதி எதுவும் இல்லாமல் இரண்டு பென்சீன் வளையங்கள் மட்டும் இணைந்த பைஃபீனைல் போதுமென்றால், மழை ஓய்ந்த மாசியில் குமடாவையே செய்யுங்கள்.